ஸ்லைடு மூடிய வண்டியில் மூன்று பேர்

நார்பர்ட் வாங்கிய, உள்ளேயே குடியிருக்கக்கூடிய அந்த வீட்டு வண்டியை லவோன் ட்ரீசன் முதன்முதலாகப் பார்த்தபோது அதன் இரண்டு ஸ்லைடுகளும் விரிந்திருந்தன. நார்பர்ட் வேண்டுமென்றே அப்படிச் செய்தார் என்று சொல்ல முடியாது. வண்டி விற்கிற இடத்தில் எல்லோருக்கும் அப்படித்தான் காட்டுவார்கள். அவரும் அதைப் பார்த்து மயங்கித்தான் வாங்கினார்.

பொத்தானை அமுக்கினால் போதும். மேசை இழுப்பறையை இழுத்தாற்போல வண்டியின் பக்கச்சுவரே சோபாவையும் சாப்பாட்டு மேசையையும் தூக்கிக்கொண்டு வெளியே நகரும்; அதுதான் ஸ்லைடு. பின்பக்கம் படுக்கையறையில் இன்னொன்று, கட்டிலோடு நகரும். இரண்டும் விரிந்துவிட்டால் உள்ளே கூடம் மாதிரி இடம் கிடைக்கும். அந்த இடத்தில் நார்பர்ட் லவோனின் கையைப் பிடித்து நாலு சுற்று போல்கா நடனம் ஆடிக் காட்டினார். ஆடி முடித்து மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டும் விட்டார்.

"என்னைக் கட்டிக்கிறீங்களா லவோன்? கட்டிக்கிட்டா இதுதான் நம்ம வீடு. எங்க வேணும்னாலும் போகலாம்."

லவோனுக்கு அறுபத்தாறு வயது. நெப்ராஸ்காவில் முப்பத்தொரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். தண்டவாளம் குறுக்கிட்டால், ரயிலே வராத பாதையாக இருந்தாலும், வண்டியை நிறுத்தி, கதவைத் திறந்து, இரண்டு பக்கமும் காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் தாண்டுவாள். கணவன் போய் ஒன்பது வருடமாகத் தனியாக இருக்கிறவள், ஒரு போல்காவில் தலையாட்டிவிடுவாளா?

"ஒரு வாரம் கூட வந்து பாக்கறேன். அந்த வாரம் முடியறதுக்குள்ள சொல்லிடறேன்," என்றாள்.

நார்பர்ட் கூல்மன் எழுபத்தொரு வயதுக்காரர். தானியக் கிடங்கில் நாற்பத்திரண்டு வருடம் லாரிகளை எடை போட்டவர். மனைவி இறந்து ஆறு வருடம் ஆகிறது. அன்றிலிருந்து அவருக்குச் சோறாக்கிப் போட்டு, துணி துவைத்து, வீட்டைக் கட்டி மேய்த்தது அவருடைய அக்கா ரோசெல்லா. எழுபத்துநாலு வயது, கல்யாணம் செய்துகொள்ளாதவள். நார்பர்ட் இப்போது அந்த வீட்டை விற்றுவிட்டுத்தான் இந்த வண்டியை வாங்கியிருந்தார்.

கிளம்புகிற அன்று காலையில் பார்த்தால், பெட்டியும் தலையணையுமாக ரோசெல்லா வண்டிக்குள் உட்கார்ந்திருக்கிறாள்.

"கல்யாணம் ஆகாத ரெண்டு பேரைத் தனியா அனுப்பிட்டு, நான் பாதிரியார் மூஞ்சில எப்படி முழிக்கிறது? நான் ஒரு ஓரமா இருந்துக்கறேன்," என்றாள்.

அந்த ஓரம் ஓட்டுநர் இருக்கைக்கு நேர் மேலே இருந்தது. பரண் மாதிரி ஒரு படுக்கை. அங்கிருந்து பார்த்தால் வண்டியில் நடக்கிற எதுவும் தப்பாது.

முதல் இரண்டு நாள் நன்றாகத்தான் போயிற்று. மூன்றாம் நாள் மத்தியானம் வயோமிங்கில் காற்று பிடித்துக்கொண்டது. நெடுஞ்சாலையில் கம்பிக் கதவைக் குறுக்கே போட்டு, உயரமான, எடை குறைந்த வண்டிகள் எதுவும் போகக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நார்பர்ட் லாரிகள் தங்குகிற ஒரு பெட்ரோல் நிலையத்துக்குள் வண்டியைக் கொண்டுபோய், ஒரு சுவரோரமாக நிறுத்தினார். அங்கே ஏற்கெனவே நாற்பது லாரிகள் வரிசையாக நின்றிருந்தன.

"சரி, விரிங்க. கால் நீட்டி உக்காரலாம்," என்றாள் லவோன்.

"ஐயையோ, முடியாது." நார்பர்ட் ஒரு தடித்த கோப்பை எடுத்தார். வண்டி பற்றிய எல்லா விதிகளையும் அச்சடித்து, துளை போட்டு, அதில் கோத்து வைத்திருந்தார். "காத்து இருபத்தஞ்சு மைலைத் தாண்டினா ஸ்லைடு விரிக்கக்கூடாது. மேல இருக்கிற துணிக்கூரை கிழிஞ்சு பறந்துடும். அக்கா, எவ்வளவு காட்டுது?"

காற்றை அளக்கக் கையடக்கமாக ஒரு கருவி வைத்திருந்தார். முனையில் குட்டி விசிறி, கீழே எண் காட்டும் முகப்பு. கூரைத் திறப்பு பரண் படுக்கைக்கு மேலே இருந்ததால், அளக்கிற வேலை ரோசெல்லாவுக்குப் போயிற்று. அவள் கையை வெளியே நீட்டிவிட்டுச் சொன்னாள்.

"நாப்பத்தாறு."

ஆக, மூன்று பேரும் ஸ்லைடு மூடிய வண்டிக்குள் அடைந்தார்கள்.

இந்த நிலையில் லவோன் அந்த வண்டியைப் பார்த்ததே இல்லை. இரண்டு நாளும் ஓடும்போது முன்னிருக்கையில் இருந்தாள், நின்றதும் நார்பர்ட் விரித்துவிட்டார். இப்போது திரும்பிப் பார்த்தால், போல்கா ஆடிய கூடத்தைக் காணோம். சோபா உள்ளே வந்து அடுப்பை முட்டிக்கொண்டு நின்றது. நடுவில் மிச்சமிருந்த சந்து இரண்டரைச் சாண் அகலம், சாண் வைத்தே அளந்து பார்த்தாள். பின்னறையில் கட்டில் பாதியாக மடிந்து, தலைமாடு செங்குத்தாக நின்றது. ஜன்னல்களையும் உள்ளே வந்த சுவர்கள் மறைத்துவிட்டன. ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடிகளை, கோப்பில் உள்ளபடி, நிறுத்தியதுமே நார்பர்ட் தடித்த திரையால் மூடிவிட்டிருந்தார். கதவில் இருந்த ஒரே சின்னக் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தால், பெட்ரோல் நிலையத்துச் சுவர்தான் தெரிந்தது.

"கதவை மட்டும் யாரும் திறந்துடாதீங்க," என்றார் நார்பர்ட். "இந்தக் காத்துக்குக் கீலோட பிடுங்கிட்டுப் போயிடும். கோப்புல பதினேழாம் பக்கத்துல இருக்கு."

சந்தில் ஒருவர் போனால் இன்னொருவர் போக முடியாது. போயே ஆகவேண்டுமென்றால் இருவரும் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். நார்பர்ட்டின் வயிறு இழுத்தால் போகிற வயிறு இல்லை. முதல் தடவை லவோனும் அவரும் எதிரெதிரே மாட்டிக்கொண்டபோது மேலேயிருந்து குரல் வந்தது.

"முதுகைக் காட்டிப் போங்க! முதுகை!"

"அக்கா, நாங்க வேணும்னா நிக்கறோம்?"

"வேணும்னு நிக்கறியா வேண்டாம்னு நிக்கறியான்னு எனக்கு இங்கிருந்து தெரியலை. முதுகைக் காட்டு."

லவோன் பொறுக்கமாட்டாமல் பேருந்து ஓட்டுகிற குரலை வெளியே எடுத்தாள். "இனிமே பின்னாடி போறவங்க கையைத் தூக்கிட்டுப் போங்க. முன்னாடி வர்றவங்க அடுப்புப் பக்கம் ஒதுங்குங்க. யாரும் ஓடக்கூடாது." நார்பர்ட் அன்று பூராவும் ஒழுங்காகக் கையைத் தூக்கினார். ரோசெல்லா ஒரு தடவைகூடத் தூக்கவில்லை.

சாயங்காலம் பசி வந்தது. குளிர்பெட்டிக்குள் ரோசெல்லா செய்த உருளைக்கிழங்கு சாலட் ஒரு பெரிய கிண்ணம் நிறைய இருந்தது. ஆனால் சாப்பாட்டு மேசை குளிர்பெட்டிக்கு எதிரே வந்து நின்றுவிட்டதால், அதன் கதவு ஒரு கை நுழைகிற அளவுதான் திறந்தது. கிண்ணம் அதைவிட நாலு மடங்கு அகலம்.

"இதை வைக்கும்போது எப்படி வச்சீங்க?" என்று கேட்டாள் லவோன்.

"விரிச்சிருந்தப்போ வச்சேன்," என்றாள் ரோசெல்லா. "பெரிய வீட்டுப் பெண்ணுங்களுக்கு இதெல்லாம் கஷ்டமாத்தான் இருக்கும் அம்மணி. உன் வீட்டுல குளிர்பெட்டி முழுசாத் திறக்கும் இல்ல?"

கடைசியில் லவோன் நீளக் கரண்டியை எடுத்து, தோள்வரை கையை உள்ளே விட்டு, குருட்டாம்போக்கில் துழாவித் துழாவிப் பரிமாறினாள். முதல் கரண்டி நார்பர்ட்டின் தட்டில் விழுந்தது, இரண்டாவது அவர் சட்டையில். அவர் சட்டையில் விழுந்ததையும் வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "உப்பு சரியா இருக்கு," என்றார். லவோனுக்குச் சிரிப்பு வந்தது. அந்த மனிதரைப் பிடித்துத்தான் இருந்தது. அவர் வாங்கி வைத்திருக்கிற இந்தச் சந்துதான் பயமாக இருந்தது.

அன்று படுக்கும்போது லவோன் மடிந்த கட்டிலில் காலை மார்போடு சேர்த்துக்கொண்டு படுத்தாள். நார்பர்ட் ஓட்டுநர் இருக்கையிலேயே சாய்ந்தார். ரோசெல்லா பரணில் குறட்டை விட்டாள்.

காலையில் எழுந்தபோது லவோனின் ஒரு கால் மரத்துப்போயிருந்தது. எழுந்த வேகத்தில் தலை அலமாரியில் இடித்தது. மனதுக்குள் பதிலைத் தயாரித்துக்கொண்டாள். 'நார்பர்ட், நீங்க நல்லவர், ஆனா இது என்னால முடியாது.' இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. காற்று நின்று, ஸ்லைடு விரிந்து, மனிதர்கள் மாதிரி எதிரெதிரே உட்கார்ந்ததும் சொல்லிவிடலாம்.

"ஆட்டம் நின்ன மாதிரி இருக்கே?" என்று கேட்டாள்.

"அக்கா?"

மேலே கூரைத் திறப்பு கிரீச்சிட்டது. "முப்பத்தெட்டு," என்றாள் ரோசெல்லா.

"உடம்புக்குத் தோணறதை நம்பக்கூடாது லவோன்," என்றார் நார்பர்ட். "நாப்பத்திரண்டு வருஷம் பாத்தவன் சொல்றேன். லாரி உள்ள வரும்போது கண்ணுக்கு எட்டு டன்னுன்னு தெரியும். முள்ளு பதினொண்ணு காட்டும். ஒரு நாளாவது கண்ணு ஜெயிச்சது கிடையாது." சொல்லிவிட்டு, கையைத் தூக்கிக்கொண்டு சவரம் செய்யக் குளியலறைக்குப் போனார்.

பத்து மணிக்கு ரோசெல்லா கேட்காமலே அறிவித்தாள். "முப்பத்தொன்பது. ஏறுது."

லவோனுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. "நான் போய் காபி வாங்கிட்டு வரேன். பறந்தா பறக்கறேன்."

"ரெண்டு கையாலயும் கதவைப் பிடிச்சுக்கங்க!" என்று குளியலறைக்குள்ளிருந்து கத்தினார் நார்பர்ட்.

அவள் இரண்டு கையாலும் பிடித்தாள். பல்லைக் கடித்து, காலை ஊன்றி, தோளைக் கொடுத்துத் தள்ளினாள். வெளியே எதிர்க்க எதுவும் இல்லாததால், கதவோடு சேர்ந்து அப்படியே படியிறங்கி, நாலடி ஓடிப்போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வெயில் அடித்துக்கொண்டிருந்தது. பெட்ரோல் நிலையத்துக் கொடி ஈரத் துண்டு மாதிரி கம்பத்தோடு ஒட்டித் தொங்கியது. நாற்பது லாரிகளில் ஒன்றுகூட இல்லை. அவ்வளவு பெரிய மைதானத்தில் அவர்கள் வண்டி மட்டும், இறுக்கி மூடிய டப்பா மாதிரி, சுவரோரமாக நின்றுகொண்டிருந்தது.

கடையில் காபி ஊற்றிக்கொடுத்த பெண், "அந்த வண்டி உங்களுதா?" என்று கேட்டாள். "விடியும்போதே ரோட்டைத் திறந்துட்டாங்களே. உள்ள யாராவது செத்துக்கிடக்காங்களோன்னு நாங்க பேசிக்கிட்டிருந்தோம். இன்னும் அரை மணி பாத்துட்டு போலீசைக் கூப்பிடலாம்னு இருந்தேன்."

மூன்று காபியை அட்டைத் தட்டில் வைத்துக்கொண்டு திரும்பி வரும்போது லவோன் வண்டியின் கூரையை அண்ணாந்து பார்த்தாள். சமையல் புகையை வெளியே தள்ளுகிற விசிறி கூரையில் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் பரண் திறப்பிலிருந்து ஒரு கை நீண்டிருந்தது. தோல் பட்டைக் கடிகாரம் கட்டிய ரோசெல்லாவின் கை. விசிறியின் வாய்க்கு நேராக அந்தக் கருவியைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதன் குட்டி விசிறி கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுழன்றது.

லவோன் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு உள்ளே போனாள்.

"நாப்பது!" என்றது பரண்.

"ரோசெல்லா, கீழ இறங்குங்க."

குரலில் இருந்த ஏதோ ஒன்று ரோசெல்லாவை இறங்க வைத்தது. சந்தில் இருவரும் எதிரெதிரே நின்றார்கள், நடுவில் மூன்று காபி. லவோனின் முதுகுக்குப் பின்னால் இருந்தது குளியலறைக் கதவு. அது சந்துப் பக்கம் திறக்கிற கதவு. உள்ளேயிருந்து நார்பர்ட் தள்ளினார், அது லவோனின் இடுப்பில் இடித்து மறுபடி மூடிக்கொண்டது.

"யாரது?"

"நான்தான். கொஞ்சம் உள்ளயே இருங்க நார்பர்ட்."

"சவரம் ஆயிடுச்சு."

"இன்னொரு தரம் பண்ணுங்க." லவோன் ரோசெல்லாவின் முகத்தைப் பார்த்தாள். "வெளிய கொடி அசையலை. விடியும்போதே ரோடு திறந்தாச்சாம். விசிறிக்கு நேரா எத்தனை நேரமாப் பிடிக்கறீங்க?"

ரோசெல்லா காபியில் ஒன்றை எடுத்துக்கொண்டாள். மறுக்கவில்லை. "ஆறு மணியிலேர்ந்து. கை வலிக்குது."

"எதுக்கு?"

"நீ இன்னும் ஒரு நாள் இப்படிக் கிடந்தா, வேண்டாம்னு சொல்லிட்டு பஸ் பிடிச்சு ஊருக்குப் போயிடுவேன்னு."

"சொல்லத்தான் இருந்தேன்."

"அப்படியா?" ரோசெல்லாவின் முகம் ஒரு நொடி மலர்ந்து, உடனே சுருங்கியது. "அவசரப்பட்டு இறங்கிட்டேனே. இன்னும் ரெண்டு மணி நேரம் பிடிச்சிருந்தா போதும்."

கதவுக்குப் பின்னால் தண்ணீர் சத்தம் நின்றது. "அக்கா, எனக்கு எல்லாம் கேக்குது."

"கேக்கட்டும்!" ரோசெல்லா கதவைப் பார்த்துத் திரும்பினாள். "கேக்கணும்னுதான் சொல்றேன். வீட்டை வித்துட்டே. இருபத்தெட்டாம் தேதி சாவியைக் குடுக்கணும். நான் எங்கடா போறதுன்னு மூணு தரம் கேட்டேன். மூணு தரமும் 'பாத்துக்கலாம்க்கா'ன்னே. என்ன பாத்துக்கறது? நான் என்ன உன் கிடங்குக்கு வந்த சோளமா, எடை போட்டு ஒரு குதிர்ல கொட்டி மூட?" திரும்ப லவோனிடம் சொன்னாள். "நீ வேண்டாம்னுட்டா இவன் தனியாப் போகமாட்டான். இவனுக்கு முட்டை வேகவைக்கத் தெரியாது. அந்தப் பரண் எனக்குக் கிடைக்கும்."

"கடைசிவரைக்கும் அந்தப் பரண்லயா இருப்பீங்க?"

"ஏன்? சவப்பெட்டியைவிட நாலு அங்குலம் உசரம் அதிகம். அளந்து பாத்துட்டேன்."

லவோனுக்கு இப்போது நிஜமாகவே கோபம் வந்தது, ஆனால் எதிரே நின்றவள் மேல் இல்லை. அவள் கதவுப் பக்கம் திரும்பினாள். திரும்ப இடமில்லாததால் முகம் கதவில் ஒட்டிக்கொண்டது.

"நார்பர்ட், உங்க கோப்புல டயர் காத்துக்கு எத்தனை பக்கம்?"

"நாலு," என்றது கதவு.

"அக்காவுக்கு எத்தனை பக்கம்?"

 "அதுக்குத்தான் எந்தப் பக்கமும் எழுத வரலை," என்றார். "கேட்டா அழுவாங்களோன்னு பயமா இருந்துச்சு. எங்க அக்கா அழுது நான் பாத்ததில்லை. பாக்கவும் வேண்டாம்னு..." உள்ளேயிருந்து கதவை ஒரு தட்டு தட்டினார். "லவோன், நீங்க வேண்டாம்னு சொன்னாலும் சரி, நான் தாங்கிக்கறேன். ஆனா என்னை வெளிய விட்டுட்டுச் சொல்லுங்க. கழிப்பறைக்குள்ள உக்காந்து கேக்கறது நல்லால்லை."

ரோசெல்லா மூக்கை உறிஞ்சினாள். "அழுவேனாம். இவன் ஆறு வயசுல கிணத்துல விழுந்தப்பவே நான் அழலை." ஆனால் கடிகாரக் கையால் கண்ணை ஒரு தடவை தேய்த்துக்கொண்டாள்.

லவோன் காபியை ஒரு மிடறு குடித்தாள். இருபத்திரண்டு மணி நேரமாக இந்தச் சந்தில் இருந்திருக்கிறாள். கால் மரத்தது, தலை இடித்தது, சாலட் சட்டையெல்லாம் ஆனது, ஒரு கிழவியிடம் ஏமாந்தது வேறு. எல்லாம் நடந்தது. சலிப்பு மட்டும் ஒரு நிமிடம்கூட வரவில்லை. அவளுடைய மூன்று படுக்கையறை வீட்டில் அது காலை எட்டு மணிக்கே வந்து உட்கார்ந்துவிடும்.

"என் வீட்டுல சமையலறைக்குப் பக்கத்துல ஒரு அறை சும்மா கிடக்கு," என்றாள் ரோசெல்லாவிடம்.

"எனக்கு இரக்கமெல்லாம் வேண்டாம்."

"இரக்கமா? உங்க மேலயா? விசிறியைக் காட்டி ஏமாத்தினவங்க மேலயா? நான் ஊர்ல இல்லாதப்போ குழாய் ஒழுகி வீடு முழுக்கத் தண்ணியாகாம பாத்துக்க ஆள் வேணும். மே மாசத்திலேர்ந்து செப்டம்பர் வரைக்கும் நாங்க ரோட்ல. குளிர்காலம் மூணு பேரும் வீட்ல."

"சமையலறை அலமாரியெல்லாம் நான்தான் அடுக்குவேன்."

"ஒண்ணு அடுக்குங்க."

"மூணு."

"ரெண்டு. அடுப்புக்கு மேல இருக்கிறதைத் தொடக்கூடாது."

ரோசெல்லா யோசித்தாள். "அடுப்புக்கு மேல என்ன வச்சிருக்கே?"

"அதை நீங்க பாக்கவும் கூடாது."

"சரி, ரெண்டு."

"நாங்கன்னு சொன்னீங்களே," என்றது கதவு மெதுவாக. "யாரு நாங்க?"

"குறுக்கே பேசாதீங்க, இன்னும் முடியலை. இனிமே எங்கயாவது ஸ்லைடு விரிக்க முடியாமப் போச்சுன்னா நேரா விடுதியில அறை எடுக்கணும். கோப்புல எழுதிக்கங்க. அப்புறம், வண்டி நான்தான் ஓட்டுவேன்."

"என் வண்டியை நானே..."

"மூணு நாளாப் பாத்துக்கிட்டுத்தானே வந்தேன் நார்பர்ட். வளைவுல நீங்க எடுக்கிற மாதிரி நான் எடுத்திருந்தா அறுபது பிள்ளைங்க சாயங்காலம் வாந்தியோட வீட்டுக்குப் போயிருக்கும்."

"அதுல அவ சொல்றது சரி," என்றாள் ரோசெல்லா. "நான் மேல உருண்டுக்கிட்டே வந்தேன்."

 "சரி," என்றது கதவு.

லவோன் கையைத் தூக்கிக்கொண்டு பின்னறை வாசலுக்கு நகர்ந்தாள். ரோசெல்லா அடுப்புப் பக்கம் ஒதுங்கினாள். கதவு திறந்து நார்பர்ட் வெளியே வந்தார். இரண்டாம் தடவை சவரம் செய்ததில் கன்னம் சிவந்து, ஒரு காதில் சோப்பு நுரை ஒட்டியிருந்தது. மண்டியிட ஆசைப்பட்டார் போலிருக்கிறது, முழங்காலை மடக்கியதும் அது சோபாவில் முட்டி நின்றுவிட்டது. பாதி மடங்கிய நிலையிலேயே நிமிர்ந்து பார்த்தார்.

"லவோன்?"

"கட்டிக்கிறேன்," என்றாள் லவோன். "எழுந்திருங்க, முதுகு பிடிச்சுக்கப் போவுது."

அவர் எழுந்திருக்க முயன்றார். வயிறு மேசைக்கும் சோபாவுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. லவோன் முன்பக்கமிருந்து இழுத்தாள், ரோசெல்லா பின்னாலிருந்து தள்ளினாள். மூன்றாவது தள்ளலில் விடுபட்டு நேரே லவோன் மேல் போய் விழுந்தார். விழுந்தவர் அப்படியே கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். முகத்துக்கு முகமாகத்தான். ரோசெல்லா வாயைத் திறந்தாள், பிறகு மூடிக்கொண்டு, அட்டைத் தட்டிலிருந்த தம்பியின் காபியையும் எடுத்துக் குடிக்க ஆரம்பித்தாள்.

"அந்த அறைக்கு ஜன்னல் எந்தப் பக்கம்?" என்று கேட்டாள் கொஞ்ச நேரம் கழித்து.

"கிழக்கே பாத்து," என்றாள் லவோன், நார்பர்ட்டின் தோளுக்கு மேலாக.

"கிழக்கா? விடியும்போதே வெயில் மூஞ்சில அடிக்குமே."

"திரை மாட்டிக்கலாம்."

"கடைத் திரையெல்லாம் எனக்கு ஆகாது. துணி வாங்கிக் குடு, நானே தச்சுக்கறேன்."